படிப்பு விடுப்பும் பாண்டும்: மத்திய அரசு ஊழியர்கள் மேற்படிப்புக்குச் செல்லும் முன் அறிந்திருக்க வேண்டிய நிபந்தனைகள்

மேற்படிப்புக்குத் தேர்வாகும் அரசு ஊழியர், பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதத்தையும் உதவித்தொகைக் கடிதத்தையும் வரிவரியாகப் படிக்கிறார். ஆனால் தன்னைப் பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தப் பத்திரத்தை, அதாவது அலுவலகங்களில் பாண்டு என்று சொல்லப்படுவதை, புறப்படுவதற்கு முந்திய நாளில் பிரிவு எழுத்தர் காட்டிய இடங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வேறு வேலை கிடைத்து ராஜினாமாக் கடிதம் கொடுக்கும்போது, லட்சக்கணக்கான ரூபாயைத் திருப்பிக் கட்டச் சொல்லும் குறிப்பாணை வருகிறது. அப்போதுதான் அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்ற கேள்வி எழுகிறது. இந்தத் தலைகீழ் வரிசையை நேராக்குவதற்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

இங்கே அடிப்படையாக எடுத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகளை. குறிப்பாக 50 முதல் 63 வரையுள்ள விதிகளை. அஞ்சல் துறை, வருமான வரித் துறை, கணக்குத் தணிக்கைத் துறை, மத்திய பொதுப்பணித் துறை போன்றவற்றின் குடிமைப் பணியாளர்களில் பெரும்பாலோர் இவற்றுக்கு உட்பட்டவர்கள். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., இந்திய வனப் பணி அதிகாரிகளுக்கு 1960ஆம் ஆண்டின் தனிப் படிப்பு விடுப்பு ஒழுங்குமுறைகள் உண்டு. மாநில அரசு ஊழியர்களுக்கு அந்தந்த மாநில விதிகளே பொருந்தும். கட்டமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோல இருந்தாலும், ஆண்டுக் கணக்கும் தொகைக் கணக்கும் மாறும் என்பதால், உங்கள் விதிப் புத்தகத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதற்படி: எந்த வழியில் செல்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

அரசுப் பணத்தில் படிப்பது என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் வெவ்வேறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நிபந்தனையும் வேறு. அரசே தேர்ந்தெடுத்து ஒரு பயிற்சிக்கு அனுப்பினால், அந்தக் காலம், அடிப்படை விதிகள் (Fundamental Rules) என்ற தனி விதித் தொகுப்பின் 9(6)ஆம் விதியின் கீழ் பணிக்காலமாகவே கருதப்படலாம். அங்கே விடுப்பு என்ற பேச்சே இல்லை. பணியாளர் மற்றும் பயிற்சித் துறை நடத்தும் வெளிநாட்டுப் பயிற்சிக்கான உள்நாட்டு நிதியுதவித் திட்டம் போன்றவற்றுக்கு, வயது, பணிக்காலம், ஒப்பந்தக் காலம் ஆகியவற்றை அவ்வப்போது வெளியாகும் சுற்றறிக்கையே சொல்லும். இரண்டாவது வழி, ஊழியர் தாமே ஒரு படிப்பைத் தேர்ந்து சேர்க்கை பெற்று, படிப்பு விடுப்பு கேட்பது; இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இதைப் பற்றியது. மூன்றாவது, படிப்பு விடுப்புக்குத் தகுதி இல்லாதவர் ஊதியமின்றி அசாதாரண விடுப்பில் சென்று படிப்பது. சம்பளமே வாங்காமல் போகிறோம், நமக்கு என்ன பாண்டு என்று இவர்கள் நினைக்கக்கூடாது. வழக்கமான வரம்பைத் தளர்த்தி அசாதாரண விடுப்பு வழங்கப்படும்போது, திரும்பி வந்து மூன்று ஆண்டுகள் பணியாற்றுவதாக 6ஆம் படிவத்தில் ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். அதற்கு நிரந்தர அரசு ஊழியர் இருவர் ஜாமீனும் தர வேண்டும்.

உங்கள் ஆணையில் எந்த விதி மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பிற்பாடு எழும் சிக்கல்கள் பலவும், பயிற்சி, படிப்பு விடுப்பு, சொந்தப் படிப்பு ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் கலந்துபோவதால் வருபவைதான்.

இரண்டாம் படி: தகுதியைச் சரிபார்த்தல்

50ஆம் விதி மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. முதலாவது, தகுதிகாண் பருவத்தைத் திருப்திகரமாக முடித்திருக்க வேண்டும்; அந்தப் பருவத்தையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத தொடர்ச்சியான முறையான பணி இருக்க வேண்டும். இரண்டாவது, விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் நாளிலிருந்து கணக்கிட்டால் ஓய்வு பெறும் வயதுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடக்கூடாது. ஓய்வு வயது 60 ஆக உள்ளவர் இரண்டாண்டுப் படிப்புக்குச் செல்வதானால், 55 வயதுக்குள் படிப்பைத் தொடங்கிவிட வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மூன்றாவது நிபந்தனை, விடுப்பு முடிந்தபின் மூன்று ஆண்டுகள் அரசுக்குப் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தருவது. மத்திய சுகாதாரப் பணி மருத்துவர்களுக்கு இந்த மூன்று, ஐந்து ஆண்டுகளாகிறது. அதற்கு ஈடாக அவர்கள் முதுநிலைப் படிப்புக்கு 36 மாதங்கள் வரை விடுப்புப் பெறலாம்.

மற்றவர்களுக்கு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 24 மாதங்களே உச்சவரம்பு. ஒரே தடவையில் சாதாரணமாக 12 மாதங்கள். வேறு விதிகளின் கீழ் ஏற்கெனவே எடுத்த இதே வகை விடுப்பும் இந்த 24 மாதக் கணக்கில் சேரும். இரண்டாண்டுப் படிப்பாக இருந்தால், ஆணையில் முழுக் காலமும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, அல்லது முதலாண்டுக்கு மட்டும் அனுமதி தந்து அடுத்த ஆண்டுக்கு நீட்டிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறார்களா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நீட்டிப்பு உங்கள் உரிமை அன்று. நடுவில் ஆள் பற்றாக்குறை என்று மறுக்கப்பட்டால், படிப்பைப் பாதியில் விட்டவர் என்ற நிலைக்கு நீங்கள் தள்ளப்படுவீர்கள். அதன் விளைவு கடுமையானது.

மூன்றாம் படி: படிப்பு உங்கள் பணிக்குப் பொருந்துகிறது என்று காட்டுதல்

விதியின் அடிப்படை நோக்கம், ஊழியரின் பணித் துறையோடு நேரடியான, நெருக்கமான தொடர்புள்ள தொழில்முறை அல்லது தொழில்நுட்பப் படிப்புக்கு உதவுவது. அதனால் படிப்பு பொதுநலன் நோக்கில் அரசுக்குத் திட்டவட்டமான பயன் தரும் என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். வெறும் ஏட்டுக்கல்விப் பாடங்களுக்கும் இலக்கியப் பாடங்களுக்கும் பொதுவாக இந்த விடுப்பு கிடையாது. அதே சமயம், பொது நிர்வாகத்தின் பின்புலத்தைப் படிப்பதற்கும், பணியோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் ஓர் அரசுப் பணியாளராக ஒருவரின் மனத்தை விரிவாக்கித் திறனை மேம்படுத்தும் படிப்புக்கும் 50ஆம் விதியிலேயே இடம் உண்டு. இந்தப் பிரிவு இருப்பதே பல அலுவலகங்களில் தெரியாது. பொதுக் கொள்கை, பொருளாதாரம், நகர்ப்புற மேலாண்மை போன்ற படிப்புகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் இதை மேற்கோள் காட்டத் தயங்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை இணைப்பது நல்லது. பாடத்திட்டத்தின் எந்தப் பாடம் உங்கள் இப்போதைய பணியின் எந்தப் பகுதிக்கு உதவும் என்று அதில் குறிப்பாக எழுதுங்கள். ‘துறைக்குப் பெரிதும் பயனளிக்கும்’ என்று பொதுப்படையாக எழுதினால், கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குச் சான்றளிக்கக் கைப்பிடி எதுவும் கிடைக்காது. தணிக்கைத் துறை ஊழியர் தரவுப் பகுப்பாய்வு படிக்கப் போகிறார் என்றால், எந்த வகைத் தணிக்கையில் அந்தப் பயிற்சி பயன்படும் என்பதைச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்புக்கு இன்னொரு தடை உண்டு: இந்தியாவிலேயே போதிய வசதி உள்ள பாடத்துக்கு வெளிநாட்டில் படிக்க விடுப்பு தரக்கூடாது என்று விதி சொல்கிறது. எனவே அந்தக் குறிப்பில், நீங்கள் தேர்ந்த படிப்பு இங்கே ஏன் அதே வடிவில் கிடைக்கவில்லை என்பதையும் விளக்க வேண்டும்.

நான்காம் படி: விண்ணப்பம்

விண்ணப்பம் உரிய வழியாக, அதாவது உங்கள் மேலதிகாரி, அலுவலகத் தலைவர், துறைத் தலைவர் என்ற வரிசையில் செல்ல வேண்டும். படிப்பின் பெயர், நிறுவனம், தொடக்க நாள், முடிவு நாள், எழுதவிருக்கும் தேர்வுகள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பின்னர் படிப்பிலோ திட்டத்திலோ மாற்றம் வந்தால், உடனே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் வருமுன் புதிய படிப்பைத் தொடங்குவதும் செலவு செய்வதும் உங்கள் சொந்தப் பொறுப்பில்தான். வெளிநாட்டில் முதல் பருவத்துக்குப் பிறகு பாடப்பிரிவை மாற்றிக்கொள்வது மாணவர்களுக்கு இயல்பான செயல். ஆனால் அரசு ஊழியருக்கு அது ஒப்புதல் கேட்க வேண்டிய மாற்றம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு துறையில் நிரந்தரப் பணியிடமும் வேறொரு துறையில் தற்காலிகப் பணியும் உள்ளவர்கள், தாய்த் துறையின் இசைவையும் பெற வேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கிடையே கோப்பு சென்றுவருவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திராமல், விண்ணப்பித்த நிலையிலேயே துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது புத்திசாலித்தனம். துறைவழி நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற விஜிலன்ஸ் சான்றையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பணக் கணக்கு

அரசுச் செலவில் படிப்பது என்ற பேச்சுவழக்கு இங்கேதான் பெரிய தவறான எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது. படிப்பு விடுப்பில் அரசு தருவது முதன்மையாக உங்கள் சம்பளத்தை. கல்விக் கட்டணத்தை அன்று. 62ஆம் விதியின்படி கட்டணத்தைச் சாதாரணமாக ஊழியரே கட்ட வேண்டும். விதிவிலக்கான நேர்வுகளில் மட்டுமே குடியரசுத் தலைவரின் பெயரால் கட்டணத்துக்கு அனுமதி தரப்படும். வேறெங்கிருந்தாவது உதவித்தொகை பெறுபவருக்கு அதுவும் இல்லை. அப்படியானால் அரசு தருவது குறைவா? இல்லை. வேலைக்கு வராமல் இரண்டாண்டுகள் முழுச் சம்பளம் பெறுவது, எந்தத் தனியார் உதவித்தொகைக்கும் குறையாத உதவி. ஆனால் கட்டணத்துக்கான வழியைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய செய்தி.

விடுப்புக்கு முன் கடைசியாகப் பெற்ற சம்பளத்துக்குச் சமமான விடுப்பு ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப் படி ஆகியவை கிடைக்கும். வீட்டு வாடகைப் படி முதல் 180 நாட்களுக்கு, நீங்கள் புறப்பட்ட ஊருக்குரிய வீதத்தில் தரப்படும். அதற்குமேல் தொடர வேண்டுமானால் உரிய சான்றிதழ் தர வேண்டும். போக்குவரத்துப் படி போன்ற பிற படிகள் கிடையா. வெளிநாட்டில் படிப்போருக்கு நிபந்தனைகளுடன் படிப்புப் படி உண்டு. இந்தியாவுக்குள் படிப்போருக்கு அது இல்லை.

இந்தியாவுக்குள் படிக்கும்போது கல்வி நிறுவனம் மாத உதவித்தொகை தந்தால் என்ன ஆகும் என்பதை எண்களோடு பார்ப்போம். உங்கள் அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய். உதவித்தொகை 20,000 ரூபாய் என்று கொள்வோம். அந்த 20,000 ரூபாய் கழிக்கப்பட்டு, விடுப்பு ஊதியமாக 40,000 ரூபாய் தரப்படும். மொத்தத்தில் கையில் வருவது மாறாது. உதவித்தொகை 35,000 ரூபாயாக இருந்தால், கழித்தபின் 25,000 ரூபாய்தான் வர வேண்டும். ஆனால் அரைச் சம்பள விடுப்பில் கிடைக்கக்கூடிய ஊதியத்துக்குக் கீழே குறைக்கக்கூடாது என்ற பாதுகாப்பு இருப்பதால், 30,000 ரூபாய் தரப்படும். பகுதிநேர வேலையில் ஈட்டும் ஊதியத்துக்கும் இதே கணக்குத்தான். முழு ஊதியம் பெறுபவர், உதவித்தொகையோ பகுதிநேர ஊதியமோ பெறவில்லை என்று சான்று தர வேண்டும். உதவித்தொகை பெற்றுக்கொண்டே அந்தச் சான்றில் கையெழுத்திடுவது ஒழுங்கு நடவடிக்கைக்குக் கதவைத் திறந்துவிடும். இதில் எந்த ஆலோசனையையும் நம்பாதீர்கள்.

ஆறாம் படி: ஒப்பந்தப் பத்திரம்

நிரந்தரப் பணியாளர் 7ஆம் படிவத்திலும், நீட்டிப்பு கிடைத்தால் 8ஆம் படிவத்திலும் பத்திரம் எழுதித் தர வேண்டும். நிரந்தரமாக்கப்படாதவர்களுக்கு 9, 10ஆம் படிவங்கள். அவற்றில் ஜாமீன்தாரர்களும் கையெழுத்திடுகிறார்கள். விடுப்புத் தொடங்குவதற்கு முன்பே பத்திரம் தயாராக வேண்டும். உங்களுக்காக ஜாமீன் நிற்கும் சக ஊழியரிடம், நீங்கள் விலகினால் அவரும் பொறுப்பாவார் என்பதைச் சொல்லிவிட்டே கையெழுத்துக் கேளுங்கள். நட்பின் பேரில் கையெழுத்திட்டவர் பிற்பாடு மீட்புக் கடிதம் பெறுவதைப் போல ஒரு நட்பைக் கெடுப்பது வேறில்லை.

பத்திரத்தின் உயிர் 63ஆம் விதியில் இருக்கிறது. விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பாமல் விலகினாலோ, திரும்பிய மூன்று ஆண்டுகளுக்குள் ராஜினாமா செய்தாலோ ஓய்வு பெற்றாலோ, படிப்பை முடிக்காமல் சான்றிதழ் தரத் தவறினாலோ, அரசு செலவிட்ட விடுப்பு ஊதியம், படிப்புப் படி, கட்டணம், பயணச் செலவு எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டு அரசோ அறக்கட்டளையோ உங்கள் படிப்புக்குச் செலவிட்ட தொகையும் இதில் சேரும். அரசுக் கடன்களுக்குரிய வட்டி, தொகை கேட்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படும். இவ்வளவையும் கட்டி முடித்த பிறகே ராஜினாமா ஏற்கப்படும்.

இதில் ஊழியர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. வீட்டுக்கடன் மாதத் தவணையில் குறைவதுபோல, பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்ப இந்தத் தொகையும் குறையும் என்று நினைக்கிறார்கள். விதியில் அப்படி எந்த விகிதக் கணக்கும் இல்லை. ஒருவரின் விடுப்பு ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 80,000 ரூபாய் என்றால், 24 மாதங்களில் 19,20,000 ரூபாய். திரும்பி வந்த இரண்டாம் மாதத்தில் விலகினாலும், முப்பத்தைந்தாம் மாதத்தில் விலகினாலும், விதி கேட்பது அந்த முழுத் தொகையைத்தான். பொதுநலன் கருதியோ தனிப்பட்ட சூழல் கருதியோ தொகையைத் தள்ளுபடி செய்யவும் குறைக்கவும் குடியரசுத் தலைவருக்கு, அதாவது அமைச்சகத்துக்கு, அதிகாரம் உண்டு. ஆனால் அது சலுகை. அதை நம்பித் திட்டமிடக்கூடாது. என்னைக் கேட்டால், ஒரு ஊழியர் விதிப் புத்தகத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் 63ஆம் விதியை மட்டுமாவது தன் கண்ணால் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இன்னொரு விளைவும் இருக்கிறது. பாண்டை மீறியவரின் படிப்பு விடுப்பு, அது தொடங்கிய நாளில் அவர் கணக்கில் இருந்த ஈட்டிய விடுப்பு முதலியவையாக மாற்றப்படும். மீதி நாட்கள் அசாதாரண விடுப்பாகும். சாதாரணமாகப் படிப்பு விடுப்பு உங்கள் விடுப்புக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. ஆண்டு ஊதிய உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் கணக்கில் சேர்கிறது. மாற்றம் நிகழும்போது இந்தப் பயன்களும் ஆட்டம் காணலாம். மாற்றத்தால் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டிய தொகை எவ்வளவு என்பதைச் சம்பளம் வழங்கும் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

மருத்துவக் காரணங்களால் ஓய்வு பெற அனுமதிக்கப்பட்டவருக்கும், அரசின் கட்டுப்பாட்டில் உள்ள சட்டபூர்வ அல்லது தன்னாட்சி அமைப்பில் பொதுநலன் கருதி நிரந்தரமாக உள்வாங்கப்பட்டவருக்கும் இந்தத் திருப்பிச் செலுத்தும் கடமை இல்லை. ஆனால் படிப்பை முடிக்கத் தவறியவர்களுக்கு இந்த விலக்குகள் பொருந்தா. முனைவர் பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் இந்த வரியை நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். படிப்பு விடுப்பு 24 மாதங்கள்; பிற விடுப்புகளோடு சேர்த்துப் பணியிலிருந்து விலகியிருக்கும் மொத்தக் காலம் பொதுவாக 28 மாதங்களும், முனைவர் பட்டத்துக்கு 36 மாதங்களும் தாண்டக்கூடாது; அசாதாரண விடுப்பு மட்டும் இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஆய்வேடு அதற்குள் முடியுமா என்று நெறியாளரோடு வெளிப்படையாகப் பேசாமல் புறப்படுவது பெரிய ஆபத்து.

நீதிமன்றம் காப்பாற்றுமா?

பாண்டு என்பது கொத்தடிமைத்தனம், நீதிமன்றத்தில் நிற்காது என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி வழக்குப் போடும் முன் சட்டத்தின் நிலையைப் பார்க்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறுபவரிடம் நியாயமான இழப்பீட்டையே பெறலாம் என்று பொதுவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் குறித்த தொகை அதற்கு மேல்வரம்பு மட்டுமே. ஆனால் சட்டத்தின்படியோ மத்திய, மாநில அரசுகளின் ஆணைப்படியோ, பொதுக் கடமை அல்லது பொதுமக்களுக்கு அக்கறையுள்ள ஒரு செயலுக்காகத் தரப்படும் பத்திரத்துக்கு அதே பிரிவில் விதிவிலக்கு உண்டு. அங்கே முழுத் தொகையும் கேட்கலாம். அரசோடு செய்யும் ஒவ்வோர் ஒப்பந்தமும் பொதுக் கடமை ஆகிவிடாது என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. ஆகவே வாதத்துக்கு இடமுண்டு, வெற்றி உறுதியன்று.

அண்மைத் தீர்ப்புகள் அரசின் பக்கமே சாய்ந்திருக்கின்றன. முதுநிலை, உயர் சிறப்பு மருத்துவப் படிப்புகளுக்கு மாநிலங்கள் விதித்த கட்டாயப் பணி ஒப்பந்தங்களை உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் செல்லும் என்றது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று வந்த தீர்ப்பு, பணியில் உள்ள அரசு மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உறுதி செய்தது. அதே தீர்ப்பு, அப்படிப் படித்தவர்கள் குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஊரக, பழங்குடி, மலைப் பகுதிகளில் பணியாற்றப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னது. உரிமையும் கடமையும் ஒரே தீர்ப்பில் சேர்ந்து வந்ததை இங்கே கவனிக்க வேண்டும். 2025 மே மாதத்தில் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற பொதுத்துறை வங்கியின் நிபந்தனை தொழில் செய்யும் உரிமைக்குத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏழாம் படி: வெளிநாட்டு உதவித்தொகை பெறுபவர்களுக்கு

2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அரசு ஊழியர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து பணம் பெறுவதற்கு அவர்களுக்குள்ள தடையிலிருந்து கல்வி உதவித்தொகைக்கு 4ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் பயணச் செலவு, தங்குமிடம், உணவு ஆகியவற்றை வெளிநாட்டு அமைப்பு ஏற்பது விருந்தோம்பல் என்ற வகையில் 6ஆம் பிரிவுக்குள் வரலாம். அதற்கு உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். உதவித்தொகைக் கடிதத்தில் எந்தத் தொகை எதற்கு என்று பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அனுமதி பெற அது உதவும்.

உதவித்தொகை தருபவரின் நிபந்தனைகளையும் பாண்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை பெறுபவர், படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஜே-1 விசாவில் அமெரிக்கா செல்பவர்களுக்கும் இரண்டாண்டுத் தாய்நாட்டு வாச நிபந்தனை உண்டு. இவற்றின் இரண்டாண்டும் அரசின் மூன்றாண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதால், நேராகத் திரும்பி வந்து பணியில் சேர்பவருக்குச் சிக்கல் இல்லை. அங்கேயே வேலை தேட எண்ணுபவருக்கு மட்டும் இரு பக்கமும் கதவு அடைபடும்.

எட்டாம் படி: படிக்கும் காலமும் திரும்பும் நாளும்

படிப்பு, விடுப்பு முடிவதற்கு முன்பே முடிந்துவிட்டால், உடனே பணிக்குத் திரும்ப வேண்டும். மீதி நாட்களைச் சொந்த ஊரில் கழிக்க விரும்பினால், அவற்றைச் சாதாரண விடுப்பாகக் கருத முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். திரும்பியதும் தேர்ச்சிச் சான்றிதழையும், படிப்புத் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் குறித்த நிறுவனச் சான்றையும் ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக இதைச் செய்ய வேண்டும். பட்டமளிப்பு விழா தாமதமாகும் என்றால் தற்காலிகச் சான்றிதழையாவது கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுக் கணக்கு, விடுப்பு முடிந்து நீங்கள் பணியேற்ற நாளில் தொடங்குகிறது. பணியேற்பு அறிக்கையின் நகல், விடுப்பு ஆணை, பத்திரத்தின் நகல், சான்றிதழ் ஒப்புகை ஆகிய நான்கையும் ஒரே உறையில் வைத்திருங்கள். பணிப் பதிவேட்டில் இவை பதிவாகியிருக்கின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள். பத்திர நகல் தரப்படாவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம்.

ஒன்பதாம் படி: காலம் முடியும் முன் வேறு அரசு வேலை கிடைத்தால்

மத்திய அரசின் வேறு துறை, மாநில அரசு, பொதுத்துறை நிறுவனம், தன்னாட்சி அமைப்பு ஆகியவற்றுக்கு உரிய வழியாக விண்ணப்பித்து, அனுமதியோடு செல்பவரிடம் பாண்டுத் தொகையைக் கேட்டு வற்புறுத்தாமல், மீதிக் காலத்தைப் புதிய நிறுவனத்தில் பணியாற்றுவதாகப் புதிய பத்திரம் பெற்றுக்கொள்வது மத்திய அரசின் நடைமுறை. இதன் பயன் முழுவதும் உரிய வழியாக விண்ணப்பித்தது என்ற ஒரு செயலில் தங்கியிருக்கிறது. துறைக்குத் தெரியாமல் தேர்வெழுதி, தேர்வான பின் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நிற்பவருக்கு இந்த வாயில் திறக்க வாய்ப்பில்லை. எனவே விண்ணப்பிக்கும்போதே தடையின்மைச் சான்று கேளுங்கள். உங்கள் பாண்டு நிலுவையில் இருப்பதை அந்த விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பணியமர்த்தும் நிறுவனத்திடம் மீதிக் காலப் பத்திரத்தை ஏற்பதாக எழுத்தில் பெறுங்கள். அந்தக் கடிதம் பழைய அலுவலகக் கோப்பில் சேர்ந்த பிறகு விடுவிப்பு நாளைப் பேசினால், புதிய பணியில் சேர வேண்டிய நாள் கைநழுவாது.